பீஃப் பொட்டலத்தைக் கீழிருந்து படியுங்கள்

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் மாட்டிறைச்சி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: பொட்டலத்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். புல்வெளிப் படத்தோடு பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் விற்கிறவர் சொல்ல விரும்புவது. ஓரத்தில் பொடி எழுத்தில் கிடப்பதுதான் சட்டம் அவரைச் சொல்ல வைத்தது. ஆலையிலேயே கட்டிய பொட்டலத்தில் வேளாண் துறையின் ஆய்வு முத்திரை வட்டமாக இருக்கும். 1906இல் வந்த இறைச்சி ஆய்வுச் சட்டத்தின் வழி வந்தது அது, கட்டாயமானது. அதனோடு வரும் எண், மாட்டை அறுத்த அல்லது இறைச்சியைப் பக்குவப்படுத்திய ஆலையுடையது. கெட்ட சரக்கைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால், உங்கள் ஃப்ரீசரில் இருப்பது அந்தச் சரக்குதானா என்று பார்க்க அந்த எண் வேண்டும்.

பிரைம், சாய்ஸ், செலக்ட் என்ற கேடய முத்திரைகள் வேறு வகை. ஆய்வு கட்டாயம், தரம் பிரிப்பது விருப்பம். அதற்கு ஆலைதான் கட்டணம் கட்டுகிறது. 12ஆவது, 13ஆவது விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டி, சதைக்குள் கொழுப்பு எவ்வளவு இழையோடியிருக்கிறது என்று பார்ப்பார்கள்; மாட்டின் முதிர்ச்சியையும் கணக்கில் எடுப்பார்கள். சாப்பிடும்போது எவ்வளவு மென்மையாக, சாறோடு இருக்கும் என்பதற்கான மதிப்பீடு அது. மாடு எங்கே வளர்ந்தது, என்ன தின்றது என்பதெல்லாம் அதில் கிடையாது. ஆகவே தணலில் சுடும் ரிப்-ஐ துண்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. இரண்டு மணி நேரம் குழம்பில் கொதிக்கப்போகும் தோள்கறிக்கு பிரைம் வாங்குவது காசுக்குக் கேடு. ஆங்கஸ் என்ற மாட்டினத்தின் பெயரையும் இந்த இடத்திலேயே தட்டிப் பார்க்கலாம். 1978இல் தொடங்கிய ‘சர்டிஃபைடு ஆங்கஸ் பீஃப்’ தரத்தைக் கண்டிப்பாகப் பார்க்கும் வணிகப் பெயர்தான். ஆனால் இனத்தைப் பொறுத்தவரை, அதில் நுழைய மாட்டுக்குப் பெரும்பாலும் கறுப்புத் தோல் இருந்தால் போதும், வம்சாவளிச் சான்று தேவையில்லை.

சிக்கல் வளர்ப்பு முறை பற்றிய வாசகங்களில்தான். ‘நேச்சுரல்’ என்றால் செயற்கைப் பொருள் சேர்க்கவில்லை, அதிகம் பதப்படுத்தவில்லை என்று மட்டுமே பொருள்; மாட்டின் வாழ்க்கையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. புல் தின்று வளர்ந்தது என்பதற்கு வேளாண் துறையே 2007இல் ஒரு வரையறை வைத்திருந்தது, 2016 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இத்தகைய வாசகங்களை அரசு ஒப்புக்கொண்டுதானே அச்சிடுகிறார்கள் என்று கேட்கலாம். ஒப்புதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது நிறுவனம் அனுப்பும் ஆவணங்களைப் பார்த்துத் தரும் ஒப்புதல். யாரும் பண்ணைக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. காகிதத்துக்கும் மாட்டுக்கும் உள்ள தூரம் 2024இல் தெரிந்தது. ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்தவை என்ற பெயரில் சந்தைக்குப் போகவிருந்த மாடுகளிலிருந்து வேளாண் துறை எடுத்த மாதிரிகளில் சுமார் 20 சதவீதத்தில் அந்த மருந்தின் எச்சம் இருந்தது. அதன் பிறகும் வெளியார் தணிக்கையைத் துறை வலியுறுத்தியதே தவிர, கட்டாயமாக்கவில்லை.

அப்படியானால் எல்லாமே பித்தலாட்டம், மலிவானதை வாங்கிவிட்டுப் போகலாம் என்பது அவசர முடிவு. யார் சரிபார்த்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் முத்திரைகளும் உண்டு. ஆர்கானிக் சான்றுக்கு ஆண்டுதோறும் பண்ணைக்கு ஆய்வாளர் வருகிறார். வருடத்தில் குறைந்தது 120 நாள் மேய்ச்சல் வேண்டும். மேய்ச்சல் காலத்தில் உலர் தீவனக் கணக்கில் 30 சதவீதமாவது மேய்ச்சலிலிருந்து வர வேண்டும். ஆனால் ஆர்கானிக் என்றால் புல் மட்டும் என்றாகிவிடாது. கடைசிக் கட்டத்தில் ஆர்கானிக் தானியம் கொடுத்துக் கொழுக்க வைக்க விதி இடம் தருகிறது. புல் மட்டும்தான் வேண்டும் என்கிறவர் அமெரிக்கன் கிராஸ்ஃபெட் அசோசியேஷன் போன்ற, பண்ணையைத் தணிக்கை செய்யும் அமைப்பின் முத்திரையைத் தேடலாம். கடைக்காரரிடம் கேட்டால் போதாதா என்பார்கள். நல்ல கறிக்கடைக்காரர் எந்தத் துண்டை எப்படிச் சமைப்பது என்று அருமையாகச் சொல்வார். மாட்டின் வளர்ப்பு பற்றி, அவருக்கு வந்த பெட்டியின் மேல் எழுதியிருப்பதைத் தாண்டி அவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

பிறப்பிடம் பற்றிய விதி அண்மையில் தெளிவாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ‘மேட் கவ்’ எனப்படும் மாட்டுப் பித்து நோய் பரவிய பிறகு, மாடு பிறந்த, வளர்ந்த, அறுக்கப்பட்ட நாடுகளை அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவோ மாட்டிறைச்சிக்கு இருந்த பிறப்பிட விதியை 2015 டிசம்பரில் நீக்கியது. வெளிநாட்டு இறைச்சியை இங்கே மறுபடி வெட்டிக் கட்டினாலே ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று போட முடிந்தது. 2026 ஜனவரி 1 முதல், பிறந்து வளர்ந்து அறுத்துப் பதப்படுத்தியது அத்தனையும் அமெரிக்காவில் நடந்திருந்தால்தான் அப்படிப் போடலாம். போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

பொடி எழுத்தில் தவறவிடக் கூடாத இன்னொன்று, ‘மெக்கானிக்கலி டெண்டரைஸ்டு’ என்ற குறிப்பு. 2016 முதல் கட்டாயம். கத்தி முனைகளாலோ ஊசிகளாலோ குத்தி இறைச்சியை மென்மையாக்கும்போது மேற்பரப்பில் இருக்கும் கிருமி உள்ளே போய்விடுகிறது. நம் பாணியில் குழம்பில் குழைய வேகவைக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். ஸ்டேக்கை அரைவேக்காட்டில் சாப்பிடுகிறவர்கள் அந்த வரியைப் பார்த்துவிட்டு, துண்டின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் தொட்டு மூன்று நிமிடம் ஆன பிறகே தட்டில் எடுங்கள்.