பகடைக்கு நினைவு உண்டா?



ஆடிக் கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் சென்றிருந்தேன். கூட்டத்தில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்கிறார். நலம் விசாரித்து முடித்ததும், தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். பகடை ஆட்டத்தில் வெல்வது எப்படி என்று கூறும் புத்தகம் அது. "சார், இது படிக்கத் தகுந்ததா?" என்று கேட்டார். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணத்தில் பாதி ஏற்கெனவே போய்விட்டதாம். மீதிப் பாதியைக் கொண்டு இழந்ததை மீட்கலாம் என்பது அவர் எண்ணம்.

அன்று அவருக்குச் சொன்ன விடையையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

லங்கர் கட்டை

நம் ஊர்ப்பக்கம் திருவிழாக்களில் மறைவாக நடக்கும் 'லங்கர் கட்டை' என்ற ஆட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லங்கர் என்றால் நங்கூரம். பகடையின் ஆறு முகங்களிலும் கிரீடம், நங்கூரம், ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேடு என ஆறு சின்னங்கள் இருக்கும். மூன்று பகடைகளை உருட்டும் முறையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் நங்கூரத்தின்மீது ஒரு ரூபாய் கட்டுகிறீர்கள். ஒரு பகடையில் நங்கூரம் விழுந்தால் ஒரு ரூபாய் லாபம். இரண்டில் விழுந்தால் இரண்டு. மூன்றிலும் விழுந்தால் மூன்று. எதிலும் விழாவிட்டால் கட்டிய ரூபாய் போய்விடும்.

"சின்னங்கள் ஆறு, பகடைகள் மூன்று. ஆகவே வெல்லும் வாய்ப்பு சரிபாதி. இரட்டையும் மும்மையும் விழுவது மேலதிக லாபம்!" என்கிறது புத்தகம். சரிதானே என்று தோன்றுகிறது அல்லவா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

மூன்று பகடைகளும் 6 × 6 × 6 = 216 விதங்களில் விழலாம். எதிலுமே நங்கூரம் இல்லாதவை 5 × 5 × 5 = 125. ஒன்றில் மட்டும் உள்ளவை 75. இரண்டில் உள்ளவை 15. மூன்றிலும் உள்ளது 1. ஆக, வெல்லும் விதங்கள் 91 மட்டுமே. சரிபாதியான 108 அல்ல! லாபம் 75 + 30 + 3 = 108 ரூபாய்; நட்டம் 125 ரூபாய். 216 ரூபாய் கட்டினால் சராசரியாக 17 ரூபாய் நட்டம். அதாவது, ரூபாய்க்கு ஏறத்தாழ 8 காசு.

நினைவும் இரட்டிப்பும்

"நெடுநேரம் விழாத சின்னம் இனி விழுந்தே தீரும்" என்பது புத்தகத்தின் அடுத்த அறிவுரை. பகடை ஒரு மரத்துண்டு. சென்ற முறை எந்தப் பக்கம் விழுந்தோம் என்பதை அது எங்கே குறித்து வைத்திருக்கிறது? ஒவ்வொரு உருட்டலும் புதிய உருட்டலே.

மூன்றாவது அறிவுரை: "தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கு, ஒரு முறை வென்றால் போதும், எல்லாம் திரும்பிவிடும்." 10 ரூபாயில் தொடங்கி 20, 40, 80 என்று கட்டிச் செல்பவர் தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 1,270 ரூபாய் போயிருக்கும். எட்டாவது ஆட்டத்துக்கு மட்டும் 1,280 ரூபாய் வேண்டும். இப்படித் தொடர்ந்து ஏழு தோல்விகள் வருவது அரிதன்று. இம்முறையில் ஆடத் தொடங்கும் 46 தடவைகளில் சராசரியாக ஒரு தடவை வரும். எத்தனை ரூபாய் கட்டினாலும், எந்த வரிசையில் கட்டினாலும், ஒவ்வொரு ரூபாயும் சராசரியாக 8 காசை இழக்கிறது. நட்டங்களைக் கூட்டி லாபம் ஆக்க முடியுமா?

வென்றவரின் சாட்சியம்

"ஆனால் சார், இதை எழுதியவர் உண்மையிலேயே வென்றிருக்கிறாரே?" என்றார் மாணவர். நல்ல கேள்வி. வென்றிருக்கலாம்! 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் 216 முறை உருட்டினால், ஏறத்தாழ 6 பேர் லாபத்தில் இருப்பர். இது நிகழ்தகவுக் கணிதம் தரும் விடை. அந்த ஆறு பேரும் தத்தம் வழியே சிறந்தது என்று நம்புவர்; ஒருவர் புத்தகமும் எழுதலாம். தோற்ற 34 பேர் புத்தகம் எழுதுவதில்லை. திருவள்ளுவர் சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டிலில் மாட்டிய இரைக்கு ஒப்பிட்டது இதனால்தான் போலும்.

எல்லாப் புத்தகங்களும் பொய்யா?

இல்லை. 1654-ல் பாஸ்கல், ஃபெர்மா என்ற பிரெஞ்சு அறிஞர்கள் சூதாட்டக் கணக்குகள் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. 1962-ல் அமெரிக்கக் கணித அறிஞர் எட்வர்டு தார்ப், பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தை வெல்லும் வழியை நூலாக எழுதினார். அது மெய்யான வழி. ஏனெனில், ஆடி முடித்த சீட்டுகள் கட்டிலிருந்து நீங்கிவிடுகின்றன, எஞ்சியவற்றைக் கணக்கிடலாம். சீட்டுக்கட்டுக்கு 'நினைவு' உண்டு, பகடைக்கு இல்லை.

இரு பகடைகளை உருட்டும் 'கிராப்ஸ்' என்ற அமெரிக்க ஆட்டத்திலும் முதன்மைப் பந்தயம் ரூபாய்க்கு 1.4 காசு இழக்கிறது. 'அடுத்து 7 விழும்' என்ற பந்தயமோ ஏறத்தாழ 17 காசு. நேர்மையான நூல் எது குறைவாக இழக்கும் என்று மட்டுமே கூறும். வெல்லலாம் என்று கூறாது.

ஆகவே, இத்தகைய புத்தகம் கையில் கிடைத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சராசரி லாப நட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறதா? தோற்றவர்களையும் எண்ணுகிறதா? அது கூறும் வழியைப் பணமின்றி நாமே சோதிக்க முடியுமா? கைப்பேசியில் வரும் அறிவுரைகளுக்கும் இதே சோதனைதான். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2023-ல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் கணக்கைச் சட்டம் நமக்காகப் போட்டுத் தராது.

செய்து பாருங்கள்

மூன்று மரக்கட்டைகளில் ஆறு சின்னங்களை வரைந்துகொள்ளுங்கள். காசு வேண்டாம், நோட்டும் பென்சிலும் போதும். "மூன்று உருட்டல்களாக விழாத சின்னத்தில் கட்டு" என்ற விதியைப் பின்பற்றி 216 முறை ஒரு ரூபாய் கட்டியதாகக் கொண்டு உருட்டி, லாப நட்டத்தைக் குறியுங்கள். பிறகு வகுப்பு முழுவதன் முடிவுகளையும் கூட்டுங்கள். 40 பேரின் கூட்டுத்தொகை 680-ஐ ஒட்டிய நட்டமாக இருக்கும்.

என் மாணவர் கோயில் மதிலோரம் அமர்ந்து, அந்தப் புத்தகத்தின் பின்னட்டையிலேயே 216-ஐயும் 125-ஐயும் எழுதிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. போன பாதியைக் கணக்கு திருப்பித் தராது. மீதிப் பாதியை மறுநாளே தங்கையின் கல்லூரியில் கட்டிவிட்டதாகப் பிறகு தகவல் அனுப்பினார்.