சோற்றுக்குள் நிலக்கரி வந்த வழி

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் நிலக்கரியில் சமைத்ததில்லை. விறகு, மண்ணெண்ணெய், இப்போது கேஸ். ஆனாலும் நம் சாப்பாட்டுக்குப் பின்னால் நிலக்கரி இருக்கிறது என்கிறார்களே, அது எப்போது, எந்த வழியாக வந்தது? (ஒரு வாசகர், திருவாரூர்)

பதில்: அடுப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ராணிகஞ்ச் சுரங்கங்கள் பக்கத்திலேயே இருந்ததால் வங்காளத்து வீடுகளில் ஒரு காலத்தில் நிலக்கரி அடுப்பு சர்வசாதாரணம். நமக்குச் சுரங்கம் தூரம். சவுக்கு விறகு, பனை மட்டை, வறட்டி, உமி, மரத்தூள் என்று கைக்குக் கிடைத்ததை எரித்தோம். நாம் 'அடுப்புக்கரி' என்றது மரக்கரியைத்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்தி 'லெக்கோ' என்ற பெயரில் அடுப்புக்கென்றே கரிக்கட்டி செய்து விற்றுப் பார்த்தார்கள். மண்ணெண்ணெயும் கேஸும் அதை முந்திக்கொண்டன. ஆகவே வாசலை வேறிடத்தில் தேட வேண்டும். என் பதில் இது: நிலக்கரி நம் சோற்றுக்குள் நுழைந்தது கிணற்று வழியாக. அதுவும் மிக அண்மையில், கடந்த 50 ஆண்டுகளுக்குள்தான் அது கனத்தது.

பலரும் ரயிலிலிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்குவார்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடியது. பிறகு தானியம் ரயிலேறியது. நீராவிக் கப்பலில் பர்மா அரிசி வந்து இறங்கியது. ஆனால் அன்றைய சென்னை ரயில்கள் பெரும்பாலும் விறகைத்தான் எரித்தன. சீமையிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி கட்டுப்படியாகவில்லை. கடலோரச் சவுக்குத் தோப்புகளில் கணிசமானவை ரயில் எஞ்சினுக்காகவே வைக்கப்பட்டவை. ரங்கூனின் அரிசி ஆலைகளோ கொதிகலனில் தங்கள் உமியையே போட்டு எரித்தன. இப்படிப் பார்த்தால் நிலக்கரியின் காலம் என்று நாம் நினைக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே நம் உணவில் விறகும் உமியும்தான் அதிகம். பின்னால் சிங்கரேணி நிலக்கரி கிடைத்து ரயிலுக்கு வந்தபோதும், அது விளைந்ததைச் சுமந்ததே தவிர எதையும் விளைவிக்கவில்லை.

விளைவிக்கும் வேலை தண்ணீர் இறைப்பதில் தொடங்குகிறது. ஏற்றத்தில் மனிதன் நடந்தான், கவலையில் மாடு பின்னும் முன்னும் நடந்தது. 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் சென்னை மாகாணத்தில் இறைப்புக்கு எஞ்சின் வைத்துப் பரிசோதித்தார். அது எண்ணெய் எஞ்சின். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்து கோவைப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் ஏறியது. மேட்டூர் 1937, பாபநாசம் 1944. எல்லாமே அருவியும் அணையும் தந்த மின்சாரம். அப்படியானால் பம்ப்செட்டுக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் வாதமே அங்கிருந்துதான் கிளம்புகிறது. மோட்டார் போட்டு இறைக்கும் பழக்கத்தை நீர்மின்சாரம் உண்டாக்கியது. அந்தப் பழக்கம் வளர்ந்த வேகத்துக்கு மலையில் அருவிகள் இல்லை. 1960-களில் குந்தா நீர்மின் திட்டத்தோடு பெரிய இடங்கள் ஏறக்குறைய தீர்ந்தன. மழை பொய்த்த ஆண்டில் அணையும் கைவிரித்தது. மீதியை அனல் மின் நிலையங்கள் ஏற்றுக்கொண்டன: நெய்வேலி 1962, எண்ணூர் 1970, தூத்துக்குடி 1979, மேட்டூர் 1987, வடசென்னை 1994. அணை நீரில் மின்சாரம் எடுத்த அதே மேட்டூரில், 50 ஆண்டு கழித்து, ரயிலில் நிலக்கரி கொண்டுவந்து எரித்தார்கள். ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி பாராதீப்பில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அதைச் சுமந்த அரசுக் கப்பல்களின் பெயர்கள் தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ். விவசாயிக்கு இது எதுவும் தெரிய வாய்ப்பில்லை. அதே கம்பி, அதே ஸ்டார்ட்டர், அதே பச்சைப் பொத்தான்.

உரத்தை மறந்துவிட்டீர்களே என்று சிலர் சொல்வார்கள். மறக்கவில்லை, ஆனால் அது சின்ன அத்தியாயம். நெய்வேலியில் 1960-களின் நடுவில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா செய்தார்கள். தஞ்சை வயல்களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் பரவிய அதே நேரம். தமிழ்நாட்டில் நிலக்கரி மூட்டையாகவே வயலுக்குப் போனது என்று சொல்லத்தக்க காலம் அது ஒன்றுதான். 1970-கள் முடிவதற்குள் அந்த ஆலை உலை எண்ணெய்க்கு மாறியது, பின்னர் மூடப்பட்டது. இன்று இந்தியாவில் செய்யப்படும் யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் பிறப்பது. கிணற்றோடு நிலக்கரிக்கு இன்னொரு உறவும் உண்டு. நெய்வேலியில் நிலக்கரி கிடைத்ததே 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குக் குழாய்க் கிணறு இறக்கியபோதுதான். நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. இன்றைக்கும் அங்கே நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றினால்தான் நிலக்கரியை வெட்ட முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 லிட்டர் தண்ணீரை 100 அடி மேலே ஏற்ற, நம் மோட்டார்களின் திறனையும் கம்பி இழப்பையும் சேர்த்தால், மின் நிலையத்தில் சுமார் கால் யூனிட் உற்பத்தியாக வேண்டும். ஒரு யூனிட்டுக்கு நம் நாட்டு நிலக்கரி ஏறத்தாழ 700 கிராம் ஆகும். ஒரு கிலோ அரிசிக்கு 3,000 லிட்டர் இறைத்ததாக வைத்துக்கொண்டால் முக்கால் யூனிட். அத்தனையும் அனல் மின்சாரமாக இருந்தால் அரை கிலோ நிலக்கரி! அரிசியின் எடையில் பாதி. இதோடு மற்றதை ஒப்பிடுங்கள். நெல் அவிக்க ஆலைகள் பெரும்பாலும் உமியைத்தான் எரிக்கின்றன. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அரவை மோட்டாருக்கு ஆவது மேலே சொன்னதில் சிறு பங்கு. இட்லி மாவுக்கு வருவோம். 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்து கிரைண்டர் செய்தார். இன்றைய 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் சுற்ற, ஒரு கோழிமுட்டை எடை நிலக்கரி போதும். சமையலறையின் பங்கு அவ்வளவுதான். 500 அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பாயும் தென்னைக்கும் வாழைக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 100 அடிக் கணக்கைப்போல ஐந்து மடங்கு. நீர்மட்டம் இறங்க இறங்க, உணவின் அளவு கூடாமலே அதற்குள் இருக்கும் நிலக்கரி கூடுகிறது. நீண்டகாலப் போக்கு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இலவச மின்சாரம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு நான் பாதிதான் உடன்படுவேன். மின் கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் கோவையை மாட்டு வண்டிகளால் நிறைத்த 1972-லேயே கிணறுகள் ஆழமாகிக்கொண்டுதான் இருந்தன. சிறு விவசாயிகளுக்கு 1984-லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் இலவசம் வந்தது. அது ஆழப்படுத்தும் போட்டிக்கு இருந்த கடைசித் தடையை எடுத்தது, உண்மை. ஆனால் கால்வாய் எட்டாத மேட்டு நிலத்துக்காரருக்கு வேறு வழி என்ன இருந்தது? என் குறை இலவசத்தின் மேல் இல்லை, மீட்டர் இல்லாததன் மேல். 20 லட்சத்துக்கும் அதிகமான பம்ப்செட்டுகளில் பெரும்பாலானவற்றின் செலவு இன்னும் மதிப்பீடுதான். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவிட்டனவே என்றால், மகிழ்ச்சி. ஆரல்வாய்மொழியில் காற்று வீசும் ஆனி ஆடியிலும், உச்சி வெயிலிலும் ஓடும் மோட்டாரில் நிலக்கரி குறையத்தான் செய்கிறது. மும்முனை மின்சாரத்தை இரவில் தருவதா பகலில் தருவதா என்பது அதனால்தான் இன்று பெரிய விஷயம். இரவு இறைப்பின் பெரும்பங்கு இன்னமும் அனல் மின் நிலையத்தின் தலையில்தான் விழுகிறது.

திருவாரூர்க்காரரான உங்களுக்கு ஒரு சேதி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து விளைந்த குறுவை அரிசியில் நிலக்கரி மிகக் குறைவு. அணை திறக்காத ஆண்டில் போர் தண்ணீரில் விளைந்த அரிசி, அதே வயல், அதே ரகமானாலும், அப்படியில்லை. மூட்டையில் அதை எழுதுவதில்லை.