கீழ்வீட்டுக்குக் கேட்காத டிரம்ஸ்

உங்களுக்கு ஒரு பழைய டிரம்ஸ் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் உறவுக்கார அண்ணன் கொடுத்துவிட்டுப் போனது. உங்கள் வீடு அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாவது மாடியில். மேல்வீட்டில் கைக்குழந்தை. கீழ்வீட்டில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் தாதி. "தினமும் அரை மணி நேரமாவது பயிற்சி செய்" என்கிறார் இசை ஆசிரியர். "ஒரு நிமிடம்கூட வேண்டாம்" என்கிறார் அம்மா. மத்தளத்திற்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே அதை வாசிப்பவருக்கே இரண்டு பக்கமும் இடி!

டிரம்ஸை விற்றுவிட வேண்டியதில்லை. அதையே சத்தம் குறைந்த மின்னியல் டிரம்ஸாக மாற்றலாம். தட்டும் தோலை மாற்றி, உள்ளே ஓர் உணர்கருவியைப் பொருத்தி, இசையை ஹெட்ஃபோனில் கேட்கலாம். ஆனால் இப்படி மாற்றியவர்கள் சிலருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். அறைக்குள் சத்தமே இல்லை. இருந்தும் கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டுகிறார்.

ஏன்? ஓசை வீட்டைவிட்டு வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காற்று, இன்னொன்று தரை. முதல் வழியை அடைப்பது சுலபம். இரண்டாவது வழியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் எப்படி அடைப்பது என்று இந்த வாரம் பார்ப்போம்.

முதல் வழி: காற்று

ஸ்நேர் டிரம்மின் விட்டம் பொதுவாக 14 அங்குலம், அதாவது சுமார் 36 சென்டிமீட்டர். அதன் மேல்பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர சென்டிமீட்டர். தோல் என்று சொன்னாலும் இன்று பெரும்பாலும் அது இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் படலம்தான். குச்சி பட்டதும் அந்தப் பரப்பு முழுவதும் மேலும் கீழும் அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்றுதான் ஒலி அலையாக நம் காதுக்கு வருகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு தட்டையான தட்டை எடுத்து முகத்துக்கு நேரே விசிறுங்கள். காற்று நன்றாக வீசும். இப்போது பூப்பந்து மட்டையை எடுத்து விசிறுங்கள். காற்று வருவதே தெரியாது. மட்டையின் வலை காற்றைத் தள்ளாமல் தன் துளைகள் வழியே விட்டுவிடுகிறது.

இதே தத்துவம்தான் வலைத்தோலில் பயன்படுகிறது. நெருக்கமாக நெய்த செயற்கை இழை வலையை டிரம்மின் மேல் இழுத்துக் கட்டினால், குச்சி தட்டும்போது வலை அதிரும், ஆனால் காற்றை அதிகம் தள்ளாது. 'தப்' என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். 1997ஆம் ஆண்டில் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட மின்னியல் டிரம்ஸ், இத்தகைய வலைத்தோலைப் பரவலாக்கியது.

'டிரம்மின் மேல் தலையணையைப் போட்டாலும் சத்தம் குறையுமே' என்று நீங்கள் கேட்கலாம். குறையும். ஆனால் தலையணை குச்சியைத் திருப்பித் தள்ளாது. டிரம்ஸ் வாசிப்பில் பாதி வேலையைச் செய்வது குச்சியின் துள்ளல்தான். இறுக்கிக் கட்டிய வலை, பிளாஸ்டிக் தோலைப் போலவே குச்சியை மேலே எறியும். அதனால் மணிக்கட்டு சரியான பழக்கத்தை இழக்காது.

சத்தத்தைக் குறைப்பதில் அண்டை வீட்டாருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் நன்மை உண்டு. வேலையிடங்களில் 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது பரவலான பாதுகாப்பு வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். 88இல் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம் என்று குறைந்துகொண்டே போய், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் மிஞ்சும். சிறிய அறையில் பலமாக வாசிக்கும் டிரம்ஸ் 100 டெசிபலை எளிதில் தாண்டிவிடும்.

தட்டலை மின்சாரமாக்கும் தகடு

சத்தத்தைக் குறைத்தாயிற்று. இனி இசை எங்கிருந்து வரும்? இங்கேதான் பீசோ தகடு உதவுகிறது.

1880ஆம் ஆண்டு, பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தார்கள். மறு ஆண்டே அதற்கு நேர்மாறான விளைவையும் சோதித்துக் காட்டினார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் சற்றே உருமாறியது. திறந்தால் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் இந்த நேர்மாறான விளைவு பயன்படுகிறது. அதில் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகட்டையே நாம் மறுபக்கமாகப் பயன்படுத்துகிறோம். அட்டையில் மின்சாரம் அதிர்வாகிறது, டிரம்மில் அதிர்வு மின்சாரமாகிறது.

மின்னணுப் பொருள் கடைகளில் 27 அல்லது 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள பீசோ தகடுகள் குறைந்த விலையில் கிடைக்கும். கம்பி ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டதை வாங்கிக்கொள்ளுங்கள். பொருத்தும் முறை இதுதான்:

1. மேல் தோலைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் பழையபடி மாற்ற அது தேவைப்படும்.

2. டிரம்மின் உள்ளே குறுக்காக ஒரு சட்டத்தைப் பொருத்துங்கள். பக்கங்களில் ஏற்கெனவே இருக்கும் திருகுகளிலேயே அதை மாட்டினால் புதிதாகத் துளையிட வேண்டாம்.

3. சட்டத்தின் மேல் மென்மையான ஒட்டுநாடா, அதன் மேல் பீசோ தகடு, அதற்கும் மேல் கூம்பு வடிவில் வெட்டிய நுரைப்பஞ்சு என்று அடுக்குங்கள். கூம்பின் முனை டிரம்மின் விளிம்பைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கட்டும்.

4. டிரம்மின் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துளை வழியாகக் கம்பியை வெளியே எடுங்கள்.

5. வலைத்தோலை மாட்டி, எதிரெதிர்த் திருகுகளை மாறி மாறி இறுக்குங்கள். அப்போதுதான் வலை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுபடும்.

வலையின் அதிர்வு நுரைப்பஞ்சு வழியாகத் தகட்டுக்குப் போகும். கூம்புக்கு நேர்மேலே தட்டினால் மற்ற இடங்களைவிடப் பலமான சமிக்ஞை வரும். அதனால் சிலர் கூம்பை நடுவில் வைக்காமல் ஓரமாக வைக்கிறார்கள். சிம்பலுக்கு வலை பொருந்தாது. அதற்கு ரப்பர் பூசிய தனித் தட்டுகள் உண்டு.

தட்டலைப் புரிந்துகொள்ளும் பெட்டி

பீசோ தருவது இசையல்ல. 'ஒரு தட்டல் விழுந்தது, இவ்வளவு பலமாக விழுந்தது' என்ற செய்தியை மட்டுமே அது தருகிறது. அந்தச் செய்தியைப் படித்து, பதிவுசெய்து வைத்த டிரம்ஸ் ஒலியை எடுத்துக் கொடுப்பது மின்னியல் டிரம்ஸ் பெட்டியின் வேலை. தட்டலின் பலத்தை அது 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது. 1983ஆம் ஆண்டிலிருந்து இசைக்கருவிகள் பயன்படுத்தும் மிடி என்ற பொதுமொழியின் அளவுகோல் அது.

பெட்டியில் மூன்று அமைப்புகளைச் சரிசெய்யத் தெரிந்தால் போதும்.

முதலாவது, தொடக்க அளவு. இதற்குக் குறைவான அதிர்வைப் பெட்டி கண்டுகொள்ளாது. மிகக் குறைத்து வைத்தால், நீங்கள் பாஸ் டிரம்மை மிதிக்கும்போது பக்கத்திலிருக்கும் ஸ்நேரும் தானாக ஒலிக்கும். மிக உயர்த்தினால் மெல்லிய தட்டல்கள் காணாமல் போகும்.

இரண்டாவது, உச்சம் தேடும் நேரம். தட்டலின் அதிர்வு ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஓரிரு மில்லிவினாடி பொறுத்திருந்து பார்த்தால்தான் தட்டலின் உண்மையான பலம் தெரியும்.

மூன்றாவது, மறைப்பு நேரம். ஒருமுறை தட்டிய பிறகும் வலை சிறிது நேரம் அதிரும். அதை இரண்டாவது தட்டலென்று பெட்டி எண்ணிவிடாதபடி, குறிப்பிட்ட நேரத்துக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறோம். எவ்வளவு நேரம்? நீங்கள் வினாடிக்கு 16 தட்டல் வேகத்தில் உருட்டினால், இரண்டு தட்டல்களுக்கு இடையே 62.5 மில்லிவினாடி இருக்கும். மறைப்பை 100 மில்லிவினாடியாக வைத்தால், ஒன்றுவிட்டு ஒரு தட்டல் விழுங்கப்படும். 30 வைத்தால் எல்லாத் தட்டலும் கேட்கும்.

தட்டலுக்கும் ஒலிக்கும் இடையே தாமதம் வருமே என்று கவலைப்பட வேண்டாம். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 10 மில்லிவினாடித் தாமதம் என்பது, 3.4 மீட்டர் தள்ளி நிற்கும் டிரம்மைக் கேட்பதற்குச் சமம்.

இரண்டாவது வழி: தரை

இப்போது கீழ்வீட்டுத் தாதியிடம் திரும்புவோம். வலைத்தோல் போட்ட பிறகும் அவர் தூக்கம் ஏன் கலைகிறது?

பாஸ் டிரம்மை நீங்கள் கையால் வாசிப்பதில்லை, காலால் மிதிக்கிறீர்கள். மிதிக்கும் விசை மிதிகட்டை வழியாக நேரே தரைக்குப் போகிறது. கான்கிரீட் தளம் அந்த அதிர்வைக் காற்றைவிட ஏறக்குறைய 10 மடங்கு வேகமாகக் கடத்துகிறது. உங்கள் தரைதான் அவர் வீட்டுக் கூரை. அந்தக் கூரை அதிரும்போது அவர் அறையில் இருக்கும் காற்றை அதுவே தள்ளுகிறது. உங்கள் அறையில் எழாத சத்தம் அவர் அறையில் எழுகிறது!

இதையும் சோதிக்கலாம். மேசையின் ஒரு முனையில் காதை வைத்து, மறுமுனையை விரலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். காற்றில் கேட்காத தட்டல் மேசை வழியே தெளிவாகக் கேட்கும். பிறகு தட்டும் இடத்தில் பாத்திரம் கழுவும் பஞ்சை வைத்துத் தட்டச் சொல்லுங்கள். சத்தம் மங்கிவிடும்.

அப்படியானால் தரையில் கம்பளம் விரித்தால் போதுமா? போதாது. அதற்கான கணக்கு எளிது. ஒரு பொருளை நெகிழும் தாங்கிகளின் மேல் வைத்தால், அந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எடையால் தாங்கி எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 16ஐ வகுத்தால் அந்த அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். மெல்லிய கம்பளம் 1 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் 16 ஹெர்ட்ஸ். 4 மில்லிமீட்டர் அமிழும் தாங்கி என்றால் 8 ஹெர்ட்ஸ்.

இயல்பு அதிர்வெண்ணைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டிய அதிர்வுகளைத்தான் தாங்கி குறைக்கத் தொடங்கும். அதிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறோமோ, அவ்வளவு நல்லது. மிதியின் அதிர்வில் 40 ஹெர்ட்ஸ் பகுதியை எடுத்துக்கொள்வோம். 8 ஹெர்ட்ஸ் தாங்கிக்கு அது 5 மடங்கு. 5இன் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால் 24. எனவே அதிர்வு விசையில் சுமார் 24இல் ஒரு பங்குதான் தரையைத் தொடும். 16 ஹெர்ட்ஸ் கம்பளத்திலோ அது ஏறக்குறைய 5இல் ஒரு பங்கு.

டிரம்ஸ் வாசிப்பவர்கள் இதற்கு டென்னிஸ் பந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு கனமான ஒட்டுப்பலகைகள், நடுவே பந்துகள். பந்து உருண்டு ஓடாமல் இருக்கப் பலகையில் வட்டமாகக் குழி வெட்டுவார்கள். டிரம்ஸ், நாற்காலி, வாசிப்பவர் எல்லாம் மேல்பலகையில்தான். செய்யும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

பந்து அதிகமானால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பந்து கூடினால் எடை பகிரப்பட்டு, ஒவ்வொன்றும் குறைவாக அமிழும். இயல்பு அதிர்வெண் உயரும், தடுப்பு குறையும். மேடை ஆடாமல் நிற்கும் அளவுக்குப் போதிய பந்துகளை வைத்து, எவ்வளவு அமிழ்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள்.

அடுத்து, மேல்பலகை தரையையோ சுவரையோ எங்கேயும் தொடக் கூடாது. இரண்டு பலகைகளையும் சேர்த்து ஒரே ஒரு நீளத் திருகைப் போட்டாலும் அது அதிர்வுக்குப் பாலமாகிவிடும்.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிந்ததும் கீழ்வீட்டாரிடம் நேரம் கேட்டு ஒரு சோதனை செய்யுங்கள். அண்ணனோ தங்கையோ கீழே நின்று கேட்க, நீங்கள் முதலில் கையால் மட்டும் ஐந்து நிமிடம் வாசியுங்கள். பிறகு காலால் மட்டும் மிதியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றினால்தான், எந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்பது தெரியும். கையால் வாசிப்பது கேட்டால் குறை தோலில் இருக்கிறது. காலால் மிதிப்பது கேட்டால் குறை மேடையில் இருக்கிறது.

ஹெட்ஃபோனின் ஒலியளவையும் குறைத்தே வையுங்கள். கீழ்வீட்டுத் தாதிக்குக் கிடைத்த அமைதி உங்கள் காதுக்கும் கிடைக்கட்டும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. 94 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எவ்வளவு நேரம்வரை கேட்கலாம்?

2. மேடை 9 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் அதன் இயல்பு அதிர்வெண் என்ன?

3. மேல்வீட்டில் கோலிக்குண்டு விழுந்தால் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் அங்கே பேசுவது கேட்பதில்லை. ஏன்?