கண் குறையும் வளர்ச்சிக் குறையும்

பிறவியிலேயே பார்வை குன்றிய பிள்ளையைப் பெற்ற தாய்மார் குருமனைக்கு வந்தால், பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "சுவாமி, நான் என்ன பிழை செய்தேன்?" கிரகண நேரத்தில் வெளியே போனதுதான் காரணம் என்று மாமியார் சொல்லியிருப்பார். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் சீடர்கள் கேட்டதும் இதைத்தான்: பாவஞ் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா? இருவருமல்லர் என்றார் ஆண்டவர். இது பற்றி மருத்துவம் கண்டறிந்ததையும் நம் குடும்பங்கள் தெரிந்திருப்பது நல்லது.

கரு உண்டாகி நாலாங் கிழமையளவில், பலவேளை தாய்க்கே செய்தி தெரியுமுன், முளையத்தின் முன்மூளையிலிருந்து இரண்டு சிறு மொட்டுக்கள் புடைத்து வருகின்றன. விழித்திரையும் பார்வை நரம்பும் அவற்றிலிருந்தே உண்டாகின்றன. அதே நாட்களில், அதற்கு மிக அண்மையில், கபச்சுரப்பியும் உருவாகத் தொடங்குகிறது. கடலையளவான இச்சுரப்பிதான் வளர்ச்சி ஓமோனைச் சுரப்பது. இரு வேலைகளுக்கும் கட்டளையிடும் பரம்பரையலகுகளிற் சில பொதுவானவை. ஆகவே அவற்றில் ஒன்று பிழைத்தால் கண்ணும் வளர்ச்சியும் சேர்ந்தே பாதிக்கப்படலாம்.

1998இல் இலண்டன் ஆய்வாளர்கள் ஹெசெக்ஸ்-1 என்னும் பரம்பரையலகில் இத்தகைய மாற்றத்தை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இருவரிடம் கண்டனர். பெற்றோர் இரத்த உறவினர். மாற்றமுற்ற அலகு ஒவ்வொன்றைத் தாயும் தந்தையும் நோயின்றிச் சுமந்திருந்தனர். இரண்டும் சேர்ந்தபோதே பிள்ளைகளில் நோய் வெளிப்பட்டது. மச்சான் மச்சாள் கலியாணத்துக்குத் திருச்சபையிடம் விதிவிலக்குப் பெறவேண்டியிருப்பதை வெறும் கடதாசி வேலை என எண்ணுவோர், வைத்தியரிடமும் ஒருமுறை கேட்பது நன்று.

ஆனால் உறவுக் கலியாணம் செய்தோரைக் குற்றஞ்சாட்ட இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணே உருவாகாத, அல்லது மிகச் சிறுத்த பிள்ளைகளிற் சிலரில் சொக்ஸ்-2 என்னும் அலகு பிழைத்திருப்பது 2003இல் தெரியவந்தது. இம்மாற்றம் பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல், பிள்ளையில் புதிதாகவே தோன்றுகிறது. பார்வை நரம்பும் கபச்சுரப்பியும் ஒன்றாகக் குன்றிய பிள்ளைகளில் பெரும்பாலாருக்கோ, எந்த அலகில் பிழையென்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. குழந்தையின் கண்கள் ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தால், அல்லது முகம் பார்த்துச் சிரிக்கும் வயதிலும் பார்க்காவிட்டால், கண் வைத்தியரோடு நின்றுவிடாதீர்கள். ஓமோன்களையும் சோதிக்கும்படி பிள்ளை வைத்தியரைக் கேளுங்கள். பிறந்தவுடன் இரத்தத்தில் சீனி குறைதலும், நெடுநாள் நீடிக்கும் மஞ்சள் காமாலையும் அடையாளங்களாகலாம். இப்பிள்ளைகளிற் பலர் பிறக்கும்போது நீளத்தில் அதிகம் குறைந்திருப்பதில்லை. பின்னரே வளர்ச்சி பிந்தும். வளர்ச்சிப் பதிவேட்டை மாதாமாதம் பார்ப்பது அதற்காகத்தான்.

பார்வையை ஓமோன் திருப்பித் தராது. வளர்ச்சிக்கோ நல்ல மருந்துண்டு. முன்னாளில் இறந்தோரின் சுரப்பியிலிருந்து ஓமோன் எடுத்தார்கள். அதனாற் சிலருக்குக் கொடிய மூளைநோய் தொற்றியதால் 1985இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதை நிறுத்தின. இப்போது பற்றீரியா முதலிய உயிர்க்கலங்களைக் கொண்டே அது ஆக்கப்படுகிறது. வழக்கமாக நாள்தோறும் ஊசியாக ஏற்றுவர்.

சிலருக்கு உடம்பு நோயைத் தாங்க உதவும் கோட்டிசோல் ஓமோனும் குறைவாயிருக்கும். அப்படியான பிள்ளைக்குக் காய்ச்சலோ வாந்தியோ கண்டால், விடியட்டும் என்று பார்த்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.