ஒளிப்படக் கலையிற் சமச்சீரின்மை

கல்லூரி விழா மலர்களில் நாம் காணும் குழுப் படங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பின. நடுவே அதிபர், அவர்தம் இரு மருங்கும் ஆசிரியர், பின்னே மாணவர் வரிசை. படத்தை நடுவில் மடித்தால் வலப்புறம் இடப்புறத்தோடு பொருந்தும். இதுவே சமச்சீர். ஒழுங்கு, மதிப்பு, நிலைபேறு என்பவற்றை உணர்த்த இவ்வமைப்பு மிகவும் ஏற்றது. ஆயின், இக்கலையைப் பயிலப் புகுவோர் பலர் இஃதொன்றே அழகென எண்ணி, எப்பொருளையும் சட்டத்தின் நடுவே நிறுத்திவிடுகின்றனர். சமச்சீரின்மையும் அழகுக்கு அடிப்படையாதல் எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

துலாக்கோலும் துலாவும்

சமச்சீரின்மை என்பது சமநிலையின்மை அன்று. துலாக்கோலின் தட்டுக்கள் இரண்டும் நடுவிலிருந்து சம தூரத்தில் தொங்குவன. இரு நிறைகளும் ஒத்தாலன்றி அது நேர் நில்லாது. நம் கிணற்றடித் துலாவோ வேறு வகையினது. ஆடுகாலின் ஒருபுறம் பருத்துக் குறுகிய அடி. மறுபுறம் மெலிந்து நீண்ட நுனி. ஆயினும், அடியிற் கட்டிய கல்லும் நுனியில் தொங்கும் வாளியும் ஒன்றையொன்று தாங்குகின்றன. நிறையின் குறைவைத் தொலைவு ஈடுசெய்கின்றது. இதுவே நெம்புகோல் விதி.

படத்துக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். சட்டத்தின் நடுவை ஆடுகாலாகக் கொள்க. நடுவுக்கு அணித்தாக நிற்கும் பெரிய பனங்கூடலை, எதிர் ஓரத்திற் செல்லும் ஒரு சிறு மனித உருவம் ஈடுசெய்துவிடும். கண் உணரும் நிறை பருமனால் மட்டும் அமைவதன்று. கரிய நிழலிடையே ஒரு வெண்புள்ளியும், கூட்டத்திடையே நம்மை நோக்கும் ஒரு முகமும் தம் அளவினும் மிக்க நிறையுடையன. வெறுவெளிக்கும் நிறை உண்டு. ஒருவர் நோக்குந் திசையில் விட்ட வெளி அவர் நோக்கினால் நிரம்புகின்றது. முதுகுப்புறத்தில் விட்ட வெளியோ பெரும்பாலும் வெறுமையாகவே நிற்கும்.

சட்டத்தை மூன்று மூன்றாகப் பகுத்து, முதன்மைப் பொருளை அக்கோடுகளில் அமைக்கும் முறை இன்று கைபேசித் திரையிலும் காணப்படுகின்றது. இம்முறைக்கு மூன்றிலொன்று விதி எனப் பெயரிட்டு 1797ஆம் ஆண்டில் எழுதியவர் ஜோன் தோமஸ் சிமித் என்னும் ஆங்கில ஓவியர். ஒளிப்படக் கலை தோன்றுமுன்னரே வகுத்த இவ்விதி ஊன்றுகோலேயன்றி விலங்கன்று.

நம் மரபிற் காணும் சான்று

இவ்வுண்மை நம் முன்னோர்க்குப் புதிதன்று. நடராசர் திருவுருவை நோக்குக. சூழ்ந்த திருவாசி சமச்சீருடையது. அதனுள் ஆடும் திருமேனி அவ்வாறன்று. வலத்தாள் ஊன்றி நிற்க, இடத்தாள் குறுக்கே எழுகின்றது. ஒரு செவியிற் குழை, மறு செவியில் தோடு. இரு பாதியும் ஒத்திருந்தால் அது நின்ற கோலமாகுமேயன்றி ஆடற் கோலமாகாது. சமச்சீர் நிலையைக் காட்டும்; சமச்சீரின்மை இயக்கத்தைக் காட்டும்.

அவ்வாடலின் பொருளை மேனாட்டார்க்கு விளக்கியவர் சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). ஒளிப்படத்தைக் கலையென மதிக்கச் செய்தோருள்ளும் அவர் ஒருவர். 1924இல் அல்பிரட் ஸ்டீக்லிட்சின் 27 படங்களைப் பொஸ்டன் நுண்கலை அரும்பொருட்சாலை ஏற்றது அவர்தம் முயற்சியினாலேயாம். ஸ்டீக்லிட்ஸ் 1907இல் எடுத்த கப்பற் படமொன்று உலகறிந்தது. மேலுங் கீழுமாய் இரு தளங்களில் மக்கள் நெருங்கி நிற்க, நடைபாலமொன்று படத்தைச் சாய்வாக ஊடறுக்கின்றது. நடுநாயகமாக எவருமிலர்; எனினும் படம் சிதறவில்லை.

புத்தூரிற் பயிற்சி

புத்தூரை அடுத்த நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு இதனைப் பயிலத் தக்க இடம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக நிற்கும் நாற்கோணக் கிணறு அது. கரையின் நடுவில் நின்று எடுத்தால் வெறும் நாற்கோணமே கிடைக்கும். மூலைக்குச் சென்று, சட்டத்தின் பெரும்பகுதியை நீருக்கு அளித்து, எதிர்க்கரையில் நிற்கும் ஒருவரை மேலோரத்திற் சேர்த்து எடுக்க. அச்சிற்றுருவம் நீரின் விரிவை உணர்த்தும். இரு படங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் நாம் கூறியது விளங்கும்.

இஃது அழகு பற்றிய வினா மட்டுமன்று. நம் இல்லங்களிலுள்ள பழைய படங்களைப் புரட்டினால் மணமக்கள், பட்டம் பெற்றோர், விழாத் தலைவர் ஆகியோரைப் பெரிதும் காண்கின்றோம். துலா மிதித்தவரையும், பட்டை பிடித்தவரையும், புகையிலைக்கு நீர் பாய்ச்சியவரையும் காண்பது அரிது. குனிந்து, சாய்ந்து, ஓரத்தில் நின்று உழைத்தோர் நடுநாற்காலிக்குரிய கோலத்தில் அமையார். நடுவையே தேடிப் பழகிய கண் அவர்களைப் படத்துக்குரிய பொருளாகக் கொள்ளவில்லை. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் தோட்டக் கிணறுகளில் துலாவும் மறைந்தது; அதனோடு ஒரு வாழ்வின் தோற்றமும் மறைந்தது.

ஆதலின், மாணவர்காள், குழுப் படத்துக்கு நடுவைக் கொடுங்கள், அது முறை. அதன்பின் ஓரடி விலகி நின்று ஓரங்களையும் நோக்குங்கள். நாளை இல்லாது போகக்கூடியவை பல அங்கேதான் இருக்கின்றன.