டிராக்டர் எஞ்சினின் காற்று வடிகட்டி: தேர்வும் பராமரிப்பும்

கோடை மழை பெய்து ஓய்ந்ததும் உழவு வேலைகள் தொடங்கிவிடுகின்றன. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் நெல்லைப் புழுதியில் விதைக்கும் நிலங்களிலும், கோவில்பட்டிப் பகுதியின் கரிசல் மானாவாரி நிலங்களிலும், சுழல் கலப்பை பூட்டிய டிராக்டர் பின்னால் தூசி மேகம்போல் எழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூசியின் நடுவே இருந்துதான் எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றை இழுத்துக்கொள்கிறது.

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிவதற்குக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று தேவை. மணிக்கு 4 லிட்டர் டீசல் செலவாகும் டிராக்டர், 8 மணி நேர உழவில் 3,20,000 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளிழுக்கிறது. இவ்வளவு காற்றையும் தூசியின்றி எஞ்சினுக்குள் அனுப்புவது, 'ஏர் கிளீனர்' என்று வழக்கில் சொல்லப்படும் காற்று வடிகட்டியின் வேலையாகும்.

தூசியால் வரும் கேடு

மண் தூசியில் உள்ள மணல் துகள்கள் இரும்பைவிடக் கடினமானவை. இவை எஞ்சினுக்குள் புகுந்தால் அங்குள்ள எண்ணெயுடன் கலந்து, மெக்கானிக்குகள் வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் பசையைப் போல் ஆகிவிடுகின்றன. பிஸ்டன் ரிங்குகளும் லைனரும் தேய்கின்றன. நாளடைவில் எஞ்சின் எளிதில் கிளம்புவதில்லை, இழுவை குறைகிறது, எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது, புகை நீல நிறமாக வெளிவருகிறது. இந்த நிலை வந்த பிறகு வடிகட்டியை மாற்றிப் பயனில்லை. எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க நேரிடும். கடன் தவணை ஒருபுறம் நிற்க, பருவத்து உழவும் தவறிப் போகும்.

அடைப்பும் கசிவும்

காற்று வடிகட்டியில் இரண்டு வகைக் கோளாறுகள் ஏற்படுகின்றன. முதலாவது அடைப்பு. தூசி நிறைந்து காற்று போதாமல் போனால் கரும்புகை வரும், இழுவை குறையும், டீசல் கூடுதலாகச் செலவாகும். (அதிகச் சுமையாலும் இஞ்செக்டர் கோளாறாலும் கரும்புகை வரக்கூடும். எனினும் முதலில் வடிகட்டியைப் பார்த்துவிடுவது நல்லது.)

இரண்டாவது கசிவு. கிழிந்த காகிதம், நசுங்கிய ரப்பர் வளையம், வெடித்த குழாய், தளர்ந்த பட்டை ஆகியவற்றின் வழியே காற்று வடிகட்டப்படாமல் உள்ளே போகிறது. காற்றுக்குத் தடை இல்லாததால் இழுவையும் குறையாது, புகையும் மாறாது. அடைப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கசிவோ ரிங்குகள் தேயும் வரை வெளியே தெரியாது. ஆகவே அடைப்பைவிடக் கசிவுக்கே நீங்கள் அதிகம் அஞ்சவேண்டும்.

எண்ணெய்த் தொட்டி வகை

பழைய டிராக்டர்கள் பலவற்றிலும், பவர் டில்லர்களிலும் இவ்வகை உள்ளது. உள்ளே வரும் காற்று தொட்டியில் உள்ள எண்ணெயின் மேல் மோதித் திரும்புகிறது. கனமான தூசி எண்ணெயில் தங்கிவிடுகிறது. எஞ்சிய தூசியை எண்ணெயில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்கிறது.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் நின்று சில நிமிடங்கள் கழித்து எண்ணெய் மட்டத்தைத் தினமும் பார்க்கவேண்டும். புழுதி அதிகமான நாட்களில் இரண்டு முறை பார்ப்பது நல்லது.

2. எண்ணெய் கெட்டியாகிவிட்டாலோ, அடியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சேறு படிந்திருந்தாலோ, தொட்டியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கையேட்டில் குறித்துள்ள தரத்தில் புதிய எண்ணெய் ஊற்றவேண்டும்.

3. எண்ணெயைக் குறியீடு வரையில் மட்டுமே ஊற்றவேண்டும். குறைந்தால் தூசி தப்பிச் செல்லும். கூடினால் எண்ணெய் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரியும். டீசலை நிறுத்திய பின்னும் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும்.

4. கம்பி வலையையும் அவ்வப்போது மண்ணெண்ணெயில் அலசி, நன்கு வடிய விட்டுப் பொருத்தவேண்டும்.

கழிவு எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டக்கூடாது.

உலர் வகை

புதிய டிராக்டர்களில் பெரும்பாலும் மடிப்புக் காகிதத்தாலான வடிகட்டியே உள்ளது. பலவற்றில் வெளி வடிகட்டி, உள் வடிகட்டி என இரண்டு இருக்கும். வெளி வடிகட்டி தூசியைப் பிடிக்கிறது. அது பழுதானால் எஞ்சினைக் காப்பதற்காக உள்ளது உள் வடிகட்டி.

அடிக்கடி கழற்றித் தட்டினால் வடிகட்டி நன்றாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. காகிதத்தின் மேல் மெல்லியதாகப் படியும் தூசி, அடுத்து வரும் நுண்தூசியைத் தடுக்க உதவுகிறது. மேலும், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தூசி உள்ளே விழ வாய்ப்பு உண்டு. அடைப்பைக் காட்டும் கருவி உங்கள் வண்டியில் இருந்தால், அது சிவப்பைக் காட்டும்போது சுத்தம் செய்தால் போதும். கருவி இல்லையேல் கையேட்டில் கூறியுள்ள மணிக் கணக்கைப் பின்பற்றவும். ஆனால் வடிகட்டிக் கூட்டின் அடியில் உள்ள ரப்பர் மூக்கைத் தினமும் அழுத்தித் தூசியை வெளியேற்றிவிட வேண்டும்.

சுத்தம் செய்யும்போது எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, கூட்டின் வெளிப்புறத்தைத் துடைத்த பிறகே திறக்கவேண்டும். வெளி வடிகட்டியின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றடிக்கவேண்டும். காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்கு மிகாமல் இருக்கட்டும். பஞ்சர் கடையில் முழு அழுத்தத்தில் அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்துவிடும். டயரிலோ கல்லிலோ தட்டக்கூடாது. டீசலிலும் பெட்ரோலிலும் கழுவக்கூடாது. பிறகு இருட்டான இடத்தில் வடிகட்டிக்குள் டார்ச் விளக்கை வைத்துப் பாருங்கள். எங்கேனும் புள்ளியாக வெளிச்சம் வந்தால் அதை மீண்டும் பொருத்தக்கூடாது.

உள் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் வழக்கம் வேண்டாம். அதைக் கையேட்டில் கூறியுள்ள காலத்தில் புதிதாக மாற்றவேண்டும்.

புதிய வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தல்

கடைக்குச் செல்லும்போது வண்டியின் மாடல், கையேட்டில் உள்ள பாக எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பழைய வடிகட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். நீளம், வெளி விட்டம், உள் விட்டம் மூன்றும் ஒத்திருக்கவேண்டும். 'ஏறத்தாழப் பொருந்தும்' என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்காதீர்கள். கீழ்க்கண்டவற்றைக் கையால் தொட்டும் பாருங்கள்.

மடிப்புகள் ஒரே சீராக, இடைவெளி மாறாமல் இருக்கவேண்டும். காகிதம் இரு முனைகளிலும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருக்கவேண்டும். ரப்பர் வளையம் மிருதுவாகவும் வெடிப்பின்றியும் இருக்கவேண்டும். உடலில் நசுங்கல் இருக்கக்கூடாது. விலை குறைந்த போலிகளில் காகிதப் பரப்பு குறைவாக இருப்பதுண்டு. அவை விரைவில் அடைத்துக்கொள்ளும்.

பொருத்துவதற்கு முன் கூட்டின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்கவும். அப்போது எஞ்சினுக்குச் செல்லும் துளையைச் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு, வேலை முடிந்ததும் அதை மறவாமல் எடுத்துவிடவேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்கும் எளிய முறை

வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே காற்று வடிகட்டப்பட்ட பிறகே வருவதால் துணியில் தூசி ஒட்டக்கூடாது. ஒட்டினால் கசிவு உண்டு என்று பொருள். காகிதம், ரப்பர் வளையம், குழாய், பட்டை என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழுதானதை மாற்றுங்கள். ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தால்தான் அடிப்பக்க வெடிப்புகள் தெரியும். வெடித்த குழாயின் மேல் ஒட்டுநாடா சுற்றி உழவுக்குப் போவது, வடிகட்டி இல்லாமல் உழுவதற்குச் சமம்.

பழைய டிராக்டர் வாங்க நினைப்பவர்களுக்கும் இந்தச் சோதனை பயன்படும். வெளிப்பூச்சு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அந்தக் குழாய்க்குள் செம்மண் படிந்திருந்தால் எஞ்சின் தேய்ந்திருக்க இடமுண்டு. விலை பேசுமுன் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுவது நலம்.

டிராக்டரை ஓட்டுபவர் வேறு ஒருவராக இருந்தால், வடிகட்டியைச் சுத்தம் செய்த நாளையும் மாற்றிய நாளையும் மணிக் கணக்குடன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். உழவர் பெருமக்கள் கோடை உழவு தொடங்குமுன் ஒரு முறையும், அறுவடை முடிந்தபின் ஒரு முறையும் வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்து, குறையிருப்பின் உடனே சரிசெய்து, எஞ்சினை நீண்ட நாள் காத்துப் பயனடைய வேண்டுகிறோம்.