முதலாண்டில் எந்த ஆங்கிலம்?

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துப் பொறியியலோ அறிவியலோ படிக்கப் போகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் யோசனை, 'ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்துவிடு' என்பதுதான். அடுத்து இலக்கணப் புத்தகம், பிறகு ஆங்கில நாளிதழ். பாடநூலை ஆங்கிலத்திலேயே வாசிப்பது கடைசியில் வரும், வந்தால். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பேன்.

காரணம் பாடநூல்களின் சொற்களிலேயே இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவ்ரில் காக்ஸ்ஹெட், பல துறைகளின் உயர்கல்வி எழுத்துகளில் சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி ஆராய்ந்து, 2000இல் 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். அவர் திரட்டிய எழுத்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலைச் சேர்ந்தது; கதைகளிலோ நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. 'அஸ்யூம்', 'டெரைவ்', 'சிக்னிஃபிகன்ட்' எல்லாம் இந்த வகை. 'என்ட்ரோபி' என்றால் என்னவென்று ஆசிரியர் கரும்பலகையில் விளக்கிவிடுவார். 'அஸ்யூம்' மாணவருக்குத் தெரிந்திருக்கும் என்றே கடந்துபோவார். தடுக்கி விழுவது அங்கேதான். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் நலம் விசாரிக்கவும் பழக்கும் வகுப்பில் இந்தச் சொற்கள் தலைகாட்டுவதே அரிது. நாளிதழ் நல்ல பழக்கம்தான். ஆனால் தேர்தல் செய்தியின் நடை வேறு, தேற்றத்தை நிறுவும் நடை வேறு. இலக்கணத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை, எழுதும்போது எழும் சந்தேகத்துக்குப் புரட்டினால் போதும்.

'பேசாமல் மொழி வருமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அன்றாடப் பேச்சும் பாடமொழியும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் கைவந்தாலும் பாடமொழிக்கு ஐந்து ஆண்டுகளாவது பிடிக்கிறது என்றார். தெருவெல்லாம் ஆங்கிலம் ஒலிக்கும் ஊரிலேயே அப்படி என்றால், நீண்ட நாள் பிடிப்பதை முதலில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். வங்காள மாணவர்களுக்கு வாசிப்பே முதலில் வேண்டும் என்று டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1926இலேயே வாதிட்டார். நாம் இன்னும் அதே இடத்தில் நின்று தர்க்கம் செய்கிறோம்!

வேலைக்கான கேம்பஸ் இன்டர்வியூ பற்றிய அச்சமும் உண்மையானது. அது கடைசி ஆண்டுகளில் வருவது. அரியர் முதல் செமஸ்டரிலேயே வந்துவிடும். தவிர, இன்டர்வியூவில் 'உங்கள் புராஜெக்ட் என்ன?' என்று கேட்டால் பதில் சொல்ல உதவப்போவதும் பாடச் சொற்கள்தான். ஒரு பாடத்தை வாசித்தபின் அதே பாடத்துக்கான என்பிடெல் இணையப் பாடக் காணொளியை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்து, பாடத்திலுள்ள படத்தை வைத்து நண்பருக்கு ஆங்கிலத்தில் விளக்கினால் பேச்சுப் பயிற்சியும் கூடவே நடந்துவிடும். கேட்டரிங் போல வாடிக்கையாளரோடு பேசுவதே தொழிலான படிப்புகளுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவற்றைப் படிக்கிறவர்கள் பேச்சு வகுப்பிலேயே தொடங்கலாம்.

'மொபைலில் மொழிபெயர்த்துப் படித்தால் என்ன?' பொருள் புரியும். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு வாக்கியம் கைக்கு வராது. அதைவிட நல்ல துணை அரசுப் பாடநூல். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஏற்கெனவே புரிந்த வெப்ப இயக்கவியலை ஆங்கிலப் பதிப்பில் பத்தி பத்தியாக வாசித்து, சிக்கும் இடத்தில் மட்டும் தமிழ்ப் பதிப்பைத் திறந்து, நூலை மூடிவிட்டு நாலு வரி சொந்தமாக எழுதிப் பார்க்கலாம். இதற்குக் கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.